வழிச்செலவு

எதிர்வீட்டு அண்ணன் கூட்டுறவு வங்கியில் முப்பத்தோரு வருஷம் வவுச்சர் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் எந்தச் செலவைப் பற்றிப் பேசினாலும் "எந்தத் தலைப்புல எழுதுவீக?" என்றுதான் முதலில் கேட்பார். சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் அவருக்கும் எனக்கும் டீ. போன வாரம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி மக்களின் கண் நலத்துக்கென்றே ஒரு தேசிய மாநாடு நடக்கிறது, அதற்கு வர நினைக்கும் பூர்வகுடி மக்களுக்கு உதவித்தொகையும் கொடுக்கிறார்கள் என்று சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, மாநாட்டுக்கு வர்றவங்களுக்கு விமான டிக்கெட்டு, ரூமு, சாப்பாடா? அந்தக் காசுல எத்தன பேருக்குக் கண்ணாடி வாங்கிக் குடுக்கலாம்!"

நியாயமான கேள்வி. கரிசல்காட்டுக் கிராமங்களில் இருபது வருஷத்துக்கு மேல் கண் முகாம்களுக்கு ஆள் திரட்டும் வேலை பார்த்தவள் நான். ஒரு ரூபாய் இருந்தால் அது நோயாளிக்குப் போகணும் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றும். அதனால் அண்ணனுக்கு அவசரமாகப் பதில் சொல்லாமல், இன்னொரு டீ போட்டு எடுத்து வந்து, ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.

2008-ல் ஆஸ்திரேலியா முழுக்கப் பூர்வகுடி மக்களின் கண்களைப் பரிசோதித்து ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. மெல்போர்ன் பல்கலைக்கழகக் கண் மருத்துவர் ஹ்யூ டெய்லர் தலைமையில் நடந்த வேலை. அதில் வந்த ஒரு செய்தியை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை. பூர்வகுடிக் குழந்தைகளின் பார்வை, அந்த நாட்டின் மற்றக் குழந்தைகளின் பார்வையைவிட நன்றாக இருந்தது. அதே மக்கள் நாற்பது வயதைத் தாண்டும்போது, பார்வை முழுக்கப் போனவர்கள் மற்றவர்களைப் போல ஆறு மடங்கு. பிறக்கும்போது நல்ல கண். பாதி வாழ்க்கைக்குள் அது போய்விடுகிறது. போனதில் 94 சதவீதம் தடுத்திருக்கக்கூடியது, அல்லது சரிசெய்யக்கூடியது. கண்ணாடி போடாத குறை, கண்புரை, சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவது, டிராக்கோமா என்ற தொற்று. இந்த நாலும்தான் முக்கியக் காரணங்கள். நாலுக்குமே வைத்தியம் உண்டு.

"அப்ப வைத்தியம் பண்ண வேண்டியதுதான?" என்றார் அண்ணன்.

பண்ணலாம். ஆனால் அந்தக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு 35 பேர் வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கண் பரிசோதனை செய்துகொண்டதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களில் அந்த ஒரு வருஷத்துக்குள் கண்ணைக் காட்டியவர்கள் ஐந்தில் ஒருவர்தான். ஆஸ்திரேலியா ஏழை நாடு கிடையாது. மருத்துவர் உண்டு, மருந்து உண்டு, மெடிகேர் என்ற பொது மருத்துவக் காப்பீடும் உண்டு. எல்லாம் இருந்தும் வைத்தியம் ஆளிடம் போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதை யாரிடம் கேட்பது? மாநாட்டுக்கு ஆள் கூட்டி வரும் செலவு இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றையும் அண்ணனிடம் சொன்னேன். பல வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கம் முகாமுக்கு ஆள் வருவது குறைந்துகொண்டே போனது. காரணம் கண்டுபிடிக்க மாவட்டத் தலைநகரில் ஒரு கூட்டம். மேடையில் இருந்த எல்லோரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை. கிராமத் தொண்டராக வேலை பார்த்த ஒரு பெண் இரண்டு பஸ் மாறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்றைய காட்டு வேலைக் கூலியையும் விட்டுவிட்டு வந்தவர். கூட்டம் முடியப்போகும் நேரத்தில் எழுந்து சொன்னார்: "நீங்க முகாம் வைக்கிறது புதன்கிழமை. அன்னிக்குத்தான் எங்க பக்கம் சந்தை. பெருசுகளக் கூட்டிட்டு வரவேண்டிய ஆளு அன்னிக்கு ஆட்ட ஓட்டிக்கிட்டு சந்தைக்குப் போயிருவாக." அவ்வளவுதான். மறு மாதமே முகாமை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். கூட்டம் திரும்ப வந்தது.

ஆனால் அந்தப் பெண்ணின் பஸ் காசுக்கு, டிக்கெட்டை ஒட்டி விண்ணப்பம் கொடுங்கள், பிறகு வரும் என்று கூட்டம் நடத்தியவர்கள் சொன்னார்கள். அந்தப் பணம் வரவே இல்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. நானாவது என் கையிலிருந்து கொடுத்திருக்கலாம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உறுத்தும்.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. நான் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினேன்.

டிராக்கோமா என்பது கிருமியால் வரும் கண் நோய். குழந்தைகளின் கண்ணீர், மூக்குச்சளி, ஒரே துண்டு, ஒரே தலையணை, ஈ என்று பரவும். ஒரு தடவை வந்தால் பெரிய ஆபத்தில்லை. திரும்பத் திரும்ப வந்தால் இமையின் உள்பக்கம் தழும்பாகும். இருபது முப்பது வருஷம் கழித்து அந்தத் தழும்பு சுருங்கி இமையை உள்ளே இழுக்கும். அப்போது கண்ணிமை முடிகள் கருவிழியின் மேல் படும். கண்ணில் ஒரு தூசி விழுந்தாலே நாம் துடித்துப்போகிறோம். இதில் ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் முடி உரசும். உரசி உரசிக் கருவிழி வெள்ளை பூத்துப் பார்வை போகும். மற்றப் பணக்கார நாடுகளில் எப்போதோ ஓய்ந்துபோன நோய் இது. ஆஸ்திரேலியாவில், அதன் பாலைவன ஊர்களில், தங்கிவிட்டது.

1968-ல் ஃபிரெட் ஹாலோஸ் என்ற சிட்னி கண் மருத்துவர் வட பிரதேசத்தில் வாட்டி கிரீக் என்ற இடத்துக்குப் போனார். கூலிக்காகவும் நிலத்துக்காகவும் பண்ணையை விட்டு வெளியேறிப் போராடிக்கொண்டிருந்த குரிண்ட்ஜி மக்கள் அங்கே குடிசை போட்டிருந்தார்கள். அவர்களின் தலைவர் வின்சென்ட் லிஞ்சியாரியின் கண்ணிலேயே டிராக்கோமா இருந்தது. எட்டு வருஷம் கழித்து, 1976-ல் ஹாலோஸ் தலைமையில் ஒரு தேசியத் திட்டம் புறப்பட்டது. நம்ம மதுரையில் டாக்டர் வெங்கடசாமி பதினோரு படுக்கையோடு அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கியதும் அதே 1976-தான். ஹாலோஸ் குழு 465 ஊர்களுக்குப் போய் ஒரு லட்சம் பேருக்கு மேல் கண் பார்த்தது. அத்தனை ஊரிலும் ஜனங்கள் வந்து வரிசையில் நின்றதற்குக் காரணம், டாக்டர் வண்டி வருவதற்கு முன்பே போய்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசி அனுமதி வாங்கிய பூர்வகுடிப் பணியாளர்கள். கோர்டன் பிரிஸ்கோ, டிரெவர் பஸாகாட், நர்ஸ் ஜில்பியா ஜோன்ஸ் போன்றவர்கள் அந்தத் திட்டத்தில் இருந்த பூர்வகுடி மக்கள். முன்னே போகிறவரின் சம்பளமும் பெட்ரோலும் வைத்தியச் செலவுதான் என்பது அந்தத் திட்டத்துக்குத் தெரிந்திருந்தது. ஆள் திரட்டும் வேலை பார்த்த எனக்கு இதைப் படித்தபோது நெஞ்சு நிறைந்துபோனது.

இதைவிட இன்னொரு கதையைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில், பாலைவனத்தில், பிட்ஜன்ட்ஜட்ஜரா மக்களின் நிலம் இருக்கிறது. அங்கே அந்த மக்களே நடத்தும் சுகாதார அமைப்புக்கு யாமி லெஸ்டர் என்ற பூர்வகுடித் தலைவர் இயக்குநராக இருந்தார். சிறுவயதிலேயே பார்வை போனவர். மருந்தகத்துக்கு வருகிறவர்களுக்கு வைத்தியம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அதே ஆட்கள் அதே நோயோடு திரும்பத் திரும்ப வந்தார்கள். முதலில் நோயே வராமல் தடுக்க என்ன வழி என்பது லெஸ்டரின் கேள்வி. மருத்துவர் ஒருவரையும் கட்டடக் கலைஞர் ஒருவரையும் சுற்றுச்சூழல் பணியாளர் ஒருவரையும் சேர்த்து அதைக் கண்டுபிடிக்கச் சொன்னார். 1987-ல் அறிக்கை வந்தது. ஆரோக்கியத்துக்குத் தேவையான ஒன்பது காரியங்களை வரிசைப்படுத்தினார்கள். முதல் காரியம் குளிப்பது, முக்கியமாகக் குழந்தைகளைத் தினமும் கழுவிவிடுவது.

இதுவரை கேட்டால் புதுசாக ஒன்றுமில்லை. குழந்தைகள் முகம் கழுவினால் டிராக்கோமா பரவாது என்று எந்த டாக்டரும் சொல்வார். வேறு ஆட்களாக இருந்தால், ஜனங்களுக்குச் சுத்தம் போதாது என்று பேசிவிட்டுக் கலைந்திருப்பார்கள். இவர்கள் அதோடு நிற்காமல் வீட்டுக்குள் போய்க் குழாயைத் திருகிப் பார்த்தார்கள். தண்ணீர் வருகிறதா? வந்த தண்ணீர் வடிந்து போகிறதா? சுடுதண்ணீர் உண்டா? அந்த வேலை பிறகு நாட்டின் மற்றப் பகுதிகளுக்கும் பரவி, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைப் பார்த்தபோது, ஒழுங்காக வேலை செய்கிற ஷவர் இருந்தது நூற்றுக்கு 35 வீட்டில்தான். பழுதுக்குப் பெரும்பாலும் காரணம் பராமரிப்பு இல்லாதது, இல்லையென்றால் கட்டும்போதே மோசமாகக் கட்டியது. குடியிருப்பவர்கள் உடைத்தது பத்தில் ஒன்றுகூட இல்லை.

"ஒம்பது மாசம் குழாய்ல தண்ணி வராத வீட்டுக்குப் போயி, புள்ளைக்கு மூஞ்சி கழுவிவிடுன்னு நோட்டீசு ஒட்டுனா எப்படி இருக்கும் அண்ணே?"

அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. "குழாய்க்காரன அனுப்பணும்மா மொதல்ல" என்றார். அதைத்தான் அவர்களும் செய்தார்கள். பார்க்கப் போகும்போதே பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் கூடக் கூட்டிப்போய் அன்றைக்கே ரிப்பேர் பண்ணினார்கள். குழாய் ஓடவில்லை என்பது அந்த வீட்டில் குடியிருப்பவருக்கு எப்பவோ தெரியும். அவரை யாரும் உட்காரவைத்துக் கேட்கவில்லை. கேட்கும் நாற்காலியில் லெஸ்டர் மாதிரி ஒருவர் இருந்ததால் விஷயம் வெளியே வந்தது.

இனி மாநாட்டுக்கு வருகிறேன். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் பூர்வகுடிக் கண் நலப் பிரிவு 2017-ல் மெல்போர்னில் இதைத் தொடங்கியது. 2019-ல் பாலைவன நடுவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், 2022-ல் வடக்கே டார்வின், 2023-ல் மேற்கே பெர்த் என்று ஊர் ஊராகப் போனது. மாநாடு இடம் மாறுவதே ஒருவகைப் பண உதவிதான். ஒரே நகரத்தில் வைத்தால் ஒரே பக்கத்து மக்கள்தான் எப்போதும் தூரமாகிப் போவார்கள்.

தூரம் என்றால் எவ்வளவு? யுவெண்டுமு என்ற வார்ல்பிரி மக்களின் ஊரை எடுத்துக்கொள்வோம். பக்கத்து நகரம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். பக்கம் என்றால் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். விமானம் ஏறவே அங்கே வரணும். டாரஸ் நீரிணையில் மெர் தீவில் இருக்கிற ஒரு சுகாதாரப் பணியாளர் பெர்த்துக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன விமானத்தில் ஹார்ன் தீவு. அங்கிருந்து வேறு விமானத்தில் கெய்ர்ன்ஸ். அங்கே இறங்கி இன்னொன்று பிடித்து, ஒரு கண்டத்தின் வடகிழக்கு நுனியிலிருந்து தென்மேற்கு மூலைக்குப் போகணும். வழியில் ஒரு ராத்திரி தங்கவேண்டி வந்தால் அதுவும் செலவு. சில நாள் மாநாட்டுக்கு ஒரு வாரம் போய்விடும்.

அண்ணன் பேப்பர் ஓரத்தில் கோடு போட ஆரம்பித்துவிட்டார். பழைய பழக்கம். பதிவுக் கட்டணம், விமானம், தங்கல், சாப்பாடு, டாக்சி என்று எழுதினார். "அவ்வளவுதான?"

இல்லை, இனிமேல்தான் கண்ணுக்குத் தெரியாத செலவுகள். அந்தப் பணியாளர் இருக்கிற மருந்தகத்தில் அவர் ஒருவரே கண் வேலை பார்ப்பவராக இருக்கலாம். அவர் கிளம்பிவிட்டால் அந்த வாரம் யார் பார்ப்பது? மாற்று ஆளுக்குச் சம்பளம் இல்லையென்றால் மேலாளர் விடமாட்டார். அவரே போகச் சொன்னாலும் இவருக்கு மனசு வராது. வீட்டில் சின்னப்பிள்ளை இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேணும். ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைக்கிறோம், அவருக்குப் பார்வை மங்கல் என்றால், கைபிடித்துக் கூட்டி வர ஒருவர் வேணும். கண் நலம் பேசுகிற மாநாட்டில் பார்வை குறைந்தவருக்குத் துணை டிக்கெட் இல்லையென்றால் அது என்ன மாநாடு?

பணத்தை எப்போது கொடுக்கிறோம் என்பது, எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிடப் பெரிய விஷயம். முதலில் நீங்கள் செலவழியுங்கள், பில் கொண்டுவந்தால் திருப்பித் தருகிறோம் என்ற முறை, வங்கியில் பணம் வைத்திருப்பவருக்கான முறை. விமான டிக்கெட்டை முன்கூட்டி எடுக்கக் கடன் அட்டை வேணும். ஹோட்டலில் அறை வாடகை முன்பே கட்டியிருந்தாலும், சாவி கொடுக்கும்போது அட்டையில் ஒரு தொகையைப் பிடித்து வைக்கிற வழக்கம் அங்கே உண்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு, மூன்று விமானம் மாறி வந்து, அட்டை இல்லாமல் அந்த மேஜை முன்னால் நிற்கிறவரை நினைத்துப் பாருங்கள். உதவித்தொகை கிடைத்தும் அவமானத்தோடு நிற்பார். உதவி செய்கிறவர்களே டிக்கெட் எடுத்து, அறைக்குப் பொறுப்பேற்று, சாப்பாட்டுக்குக் கையில் பணம் கொடுத்து அழைத்தால்தான் அது உதவி.

"முன்பணம்" என்று பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டார் அண்ணன். அந்த இரண்டு பஸ் மாறி வந்த பெண்ணை அவரும் மறக்கவில்லை என்று தெரிந்தது.

விண்ணப்பப் படிவமும் ஒரு தடைதான். பத்துப் பக்கம் ஆங்கிலத்தில் அழகாக எழுதத் தெரிந்தவருக்குத்தான் உதவி கிடைக்கும் என்றால், ஏற்கெனவே பல மேடை ஏறியவரே திரும்ப வருவார். வீட்டில் வேறு மொழி பேசி, நாளெல்லாம் நோயாளியோடு இருக்கிறவர் விட்டுப்போவார். போனில் பேசி விவரம் வாங்கிக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. ஒரு ஊரிலிருந்து ஒருவரை மட்டும் கூப்பிடாமல் இரண்டு பேராகக் கூப்பிடுவதும் நல்லது. ஐந்நூறு பேர் கூடிய மண்டபத்தில் தன்னந்தனியாக நிற்பவருக்கு வாய் திறக்க வராது. துணைக்கு ஒருவர் இருந்தால் பேசுவார்.

இழவு விழுந்தால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைக்கணும். அங்கே துக்க காரியத்தை 'சாரி பிசினஸ்' என்பார்கள். ஒரு சாவு என்றால் உறவு முழுக்க வந்து நாள்கணக்கில் உட்காரும், போகாமல் இருக்கமுடியாது. கிளம்ப வேண்டிய காலையில் ஒருவர் நின்றுவிட்டால், டிக்கெட் வீணானது என்று அடுத்த வருஷம் அவர் பெயரை ஒதுக்கக்கூடாது. நம்ம கிராமங்களைத் தெரிந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்கவேண்டியதில்லை.

"எல்லாஞ் சரிம்மா. போயி ஊரச் சுத்திப் பாத்துட்டு வந்துட்டா?" அண்ணன் தணிக்கைக்காரர்போலக் கேட்டார்.

பார்க்கட்டுமே என்றேன். ஒரு வருஷம் முழுக்க ஒற்றை ஆளாக ஒரு ஊரின் கண்களைக் கவனிக்கிறவர் ஒரு சாயங்காலம் கடற்கரையில் நடந்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் அங்கே நடப்பது அது மட்டும் இல்லை. 2016 நவம்பர் முதல் ஆஸ்திரேலியாவில், சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையை ஊர் மருந்தகத்திலேயே கேமராவில் படம் எடுத்தால் அதற்கு மெடிகேர் பணம் கொடுக்கிறது. பூர்வகுடி மக்களுக்கு வருஷம் ஒரு தடவை. கேமராவைப் பெட்டியில் அனுப்பிவைத்தால் போதாது. கண்பாப்பா விரியாத கிழவரின் கண்ணில் படம் எப்படித் தெளிவாக எடுப்பது, எந்தப் படத்தைக் கண்டால் உடனே நகரத்துக்குப் போன் போடுவது என்பதெல்லாம் இன்னொரு மருந்தகத்தில் அதே வேலை பார்ப்பவரோடு பக்கத்தில் உட்கார்ந்து பேசினால்தான் கை வரும். தன் ஊரில் ஆபரேஷன் தேதி கொடுத்தும் ஏன் ஆள் போகவில்லை என்பதை இவர் சொல்ல, எதிரே பட்டியல் போடுகிற ஆஸ்பத்திரிக்காரர் கேட்பார்.

கண்ணாடி பற்றி அண்ணன் கேட்டாரே, அதற்கும் இதில்தான் பதில். விக்டோரியா மாநிலத்தில் 2010-ல் ஒரு திட்டம் வந்தது. பூர்வகுடி மக்களுக்கு நல்ல கண்ணாடி, நோயாளி கொடுக்கவேண்டியது பத்து டாலர். விலை குறைவு என்பதோடு, விலை இவ்வளவுதான் என்று முன்கூட்டியே தெரியும் என்பதும் முக்கியம். கடைக்குள் போனால் கடைசியில் எவ்வளவு கேட்பார்களோ என்ற பயத்திலேயே வாசலோடு திரும்புகிறவர்கள் உண்டு. எங்கள் முகாம்களில் எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் தெரிந்தவர்கள் கூட்டத்தில் இருந்தால்தான் கண்ணாடிக்கு ஒதுக்கிய காசு கண்ணாடியாகக் கண்ணில் ஏறும்.

ஆஸ்திரேலியாவில் முதல் பூர்வகுடிக் கண் மருத்துவர் கிரிஸ் ராலா பேக்கர் தகுதி பெற்றது 2018-ல். ஹாலோஸ் வாட்டி கிரீக் போய் ஐம்பது வருஷம் கழித்து. அதுவரை கண் மருத்துவர்கள் கூடிய எந்தச் சபையிலும் அந்த மக்களில் ஒருவர் கண் மருத்துவராக உட்காரவில்லை. நிலைமை மாறவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2008-ல் டிராக்கோமா ஆபத்துள்ள ஊர்களில் ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 21 பேருக்கு இருந்த நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. குழந்தைகளிடம் முகம் கழுவச் சொல்ல 'மில்பா' என்ற உடும்பு பொம்மை பள்ளிக்கூடங்களுக்கு வருகிறது. மில்பா என்றால் வார்ல்பிரி மொழியில் கண். 2016 கணக்கெடுப்பில், பூர்வகுடி மக்களில் பார்வை இழந்தவர்கள் மற்றவர்களைப் போல மூன்று மடங்கு என்று வந்தது. ஆறு மூன்றானது பெரிய விஷயம். அந்த மூன்றும் ஒன்றாகணும்.

டீ ஆறிப்போயிருந்தது. அண்ணன் பேப்பரை என் பக்கம் திருப்பினார். ஒன்பது வரி இருந்தது. பதிவு, விமானம், வழியில் ஒரு ராத்திரி, அறை, சாப்பாடு, டாக்சி, மாற்று ஆள், பிள்ளையைப் பார்க்க ஆள், துணைக்கு வருபவர். மேலே, நான் முதலில் சொன்ன 'உதவித்தொகை' என்ற வார்த்தையை அடித்துவிட்டு 'வைத்தியச் செலவு' என்று எழுதியிருந்தார்.

"தலைப்பு இதுதாம்மா" என்றார். "ஆமா, அந்த ரெண்டு பஸ்ஸு மாறி வந்த பொண்ணு இப்ப எங்க இருக்கு?"

சிவகாசிப் பக்கம் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து வரலாம் என்று இருக்கிறோம்.